ஓரம் மழுக்கிய தகடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஆரம்பித்து வரி முடிவதற்குள் கீழே இறங்கிவிடும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் குழப்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும் கல்யாணக் கவரில் பேர் எழுதவும்தான். இந்த நோட்டை அச்சுக்குத் தகுந்தபடி எடுத்து எழுதிக் கொடுத்தவர் நிறையத் திருத்தினார். அதற்கு மேலும் பிழை மிச்சமிருந்தால் அது என்னுடையது.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பட்டறையில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே பட்டறை. சேரும்போது பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் வெட்டிக்கொண்டிருந்தோம். பிறகு கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்தது. முதலாளிக்குக் காரமடைப் பக்கம் தோட்டம் இருக்கிறது. காலையில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வேட்டியில் மண்ணோடு பட்டறைக்கு வருவார். நாங்கள் ஆறு பேர் வேலை செய்கிறோம். நான்தான் மூத்தவன். நுணுக்கமான வேலை எது வந்தாலும் என் மெஷினுக்குத்தான் வரும். நான் அதிகம் பேச மாட்டேன். வேலையில் அத்தனை கவனம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் பேச்சு வளர்ந்தால் யாராவது ஒரு தாளை என் கையில் கொடுத்து "இதைக் கொஞ்சம் படி" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

தமிழ் வாசிப்பேன், மெதுவாக. இங்கிலீஷில் தனித்தனி எழுத்து சிலது தெரியும். சேர்த்து வாசிக்க வராது. இதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் டிராயிங் பார்த்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் டிராயிங்கில் முக்கால்வாசி கோடும் எண்ணும்தான். எண்ணில் நான் தவறியதே இல்லை. மிச்சமிருக்கும் வார்த்தைகளை நான் படமாகப் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் பட்டறைக்கு வரும் எல்லா டிராயிங்கிலும் இடதுபக்கம் கீழ் மூலையில் ஒரு வரி இருக்கும். அந்த வரியின் கடைசி இரண்டு வார்த்தைகளில் ஒன்று பாம்பு போன்ற எழுத்தில் தொடங்கும். இன்னொன்று சீப்பு போன்ற எழுத்தில் தொடங்கிப் பாம்பில் முடியும். ஷார்ப் எட்ஜஸ். முழு வரிக்கும் கூரான ஓரங்களையெல்லாம் எடுத்துவிடு என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் யாரோ சொன்னது. பாம்பையும் சீப்பையும் கண்டால் ஸ்கிரேப்பரை எடுத்து ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கிவிடுவேன். எடுப்பவர் கையை வெட்டாது.

இந்த வேலைக்கு எங்கள் பட்டறையில் ஒரே பேர்தான். பிசிறு எடுக்கிறது. இரும்போ அலுமினியமோ, வெட்டியவுடன் ஓரத்தில் முள் முள்ளாக நிற்குமே, அதுதான் பிசிறு. அதை மட்டும் தட்டிவிடுவதும் பிசிறு எடுப்பதுதான். அதற்குமேல் ஒரு படி போய் ஓரத்தையே மழுக்குவதும் எங்களுக்குப் பிசிறு எடுப்பதுதான். இரண்டுக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

போன வருடம் நகரத்தில் அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு டிசைன் ஆபீசிலிருந்து வேலை வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மதுக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிற எஞ்சினியர். லேப்டாப்பை என் வேலை மேசையில் வைத்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, ஏரோப்ளேன் முதுகுல ஒரு மேடு இருக்கும், பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க அம்மணி." விமானத்தை நான் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். முதுகு தெரிந்ததில்லை.

"காங்கேயம் காளைக்குத் திமில் இருக்குதில்லீங்க, அந்த மாதிரி. அதுக்குள்ள ஒரு தகடு படுத்துருக்கும். மேல இருக்கற சேட்டிலைட்டப் பாத்துக்கிட்டே போகும். அந்தத் தகட்டுலதான் உள்ள உக்காந்துருக்கறவங்களுக்கு இன்டர்நெட்டு வரும்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, ஆகாசத்துல போறவனுக்கு என்னத்துக்குங்க நெட்டு? எங்க தோட்டத்துல கெணத்து மேட்டுல ஏறி நின்னாத்தான் எனக்கு ஒரு போன் வருது. மொதல்ல அதைய ஒண்ணு பண்ணிக் குடுங்க."

அந்தப் பெண் சிரித்தார். "அது வேற டிபார்ட்மென்டுங்க."

அப்புறம் திரையில் காட்டினார். தகட்டுக்குள் வழி வழியாகக் குடைந்திருந்தது. ஒரு வழி இரண்டாகப் பிரிந்து, இரண்டு நான்காகி, கடைசியில் மேல் தகட்டில் இருநூற்று ஐம்பத்தாறு சின்ன ஜன்னல்களில் போய் முடிந்தது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு நெல் நீளம் இருக்கும். அவர் ஒரு பட்டனை அழுத்தியதும் சிவப்பும் நீலமுமாக அந்த வழிகளில் அலை ஓட ஆரம்பித்தது.

"இது சிமுலேஷனுங்க. வெட்டறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல வெட்டி, அலையை உட்டுப் பாத்துப் போடறது. எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவு போய்ச் சேரோணும். ஒண்ணுக்கு அதிகம், ஒண்ணுக்குக் கம்மின்னா தகடு வேற பக்கம் பாக்கும்."

"வாய்க்கா மடை மாதிரீங்க" என்றார் முதலாளி. "கடைமடைக்கும் தண்ணி போய்ச் சேரோணும்."

"அதேதானுங்க!"

எனக்கும் புரிந்தது. இந்தத் திரையில் மூன்று வருடம் அவர் இதையே செய்திருக்கிறார் என்பதும் பேச்சில் தெரிந்தது.

புரோகிராம் அவர்கள் ஆபீசிலிருந்தே பென்டிரைவில் வந்தது. கூடவே அச்சடித்த டிராயிங். நான் அலுமினியத்தைக் கட்டி, டூல் மாட்டி, ஓட்டி, பிசிறு எடுத்து, அளந்து கொடுக்க வேண்டும். டிராயிங்கைப் பார்த்தேன். இடதுபக்கம் கீழ் மூலையில் பாம்பும் சீப்பும் இருந்தன. முன்னால் வழக்கமாக இரண்டு வார்த்தை இருக்கும். இதில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் குட்டையாக. அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இங்கே எழுதினால் பொய். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் உனக்குத் தெரியாதா என்பார்கள். வேறு கம்பெனிக்காரர்கள் சுருக்கி எழுதுவார்கள் போல என்று நானே சொல்லிக்கொண்டு ஸ்கிரேப்பரைத் தீட்டினேன்.

இருநூற்று ஐம்பத்தாறு ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஓரம். ஒரு ஓரத்துக்கு இரண்டு இழுப்பு. உள்ளே இருந்த வழிகளின் சுவர்களுக்கும் அப்படியே. இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்தபோது தகடு வெயிலில் மீன் செதில் மாதிரி மின்னியது. "கண்ணாடியாட்டப் பண்ணிப்போட்ட போ" என்றார் முதலாளி. ஜன்னல்களுக்குள் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தோம், அத்தனையும் சரி. ஓரம் மழுங்கியிருப்பது கம்பிக்குத் தெரியாது. அது நடுவில் போய் நடுவில் வந்துவிடும்.

அந்தப் பெண் எடுத்துப்போக வந்தபோது கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"பிசிறெல்லாம் எடுத்துட்டீங்களாங்க அண்ணா?"

"எடுத்துப்போட்டேனுங்க அம்மணி."

கையிலிருந்த தாளில் டிக் அடித்துக்கொண்டார். அவர் கேட்டது முள்ளை. நான் சொன்னது ஓரத்தை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். தகட்டை ஸ்டாண்டில் பொருத்தும் துளை இறுக்கமாக இருந்தது, என் கையால் சரிசெய்ய வேண்டுமாம். அங்கே ஒரு அறை இருக்கிறது. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கரும்பச்சை நிறத்தில் கூம்பு கூம்பாக ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அலை எதில் பட்டும் திரும்பி வரக் கூடாதாம். அலை மட்டுமில்லை, சத்தமும் திரும்பி வராது. கதவைச் சாத்தியதும் என் காதில் பஞ்சு அடைத்தது போலிருந்தது. ஸ்பேனர் கீழே விழுந்தது, யாரோ தூரத்தில் துணியைப் போட்ட மாதிரி கேட்டது. வேலையை முடித்து வெளியே வந்த பிறகுதான் சரியாக மூச்சு விட்டேன்.

வெளியே திரையில் இரண்டு கோடு. நீலம் சிமுலேஷன் சொன்னது. சிவப்பு தகட்டில் அளந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுக்க வேண்டும். சிவப்பு இடதுபக்கம் தள்ளி, தொய்ந்து கிடந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே நின்றார். என்னிடம், "பரவால்லீங்க அண்ணா, எங்கயோ எம்பக்கந்தான் உட்டுருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். திருகை இறுக்கிப் பார்க்க, தளர்த்திப் பார்க்க, தகட்டைப் புரட்டிப் பார்க்க என்று நான் நான்கு முறை அந்த ஆபீசுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் இளைத்திருந்தார். சிமுலேஷனைப் பொடிப்பொடியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தாராம். அலுமினியத்தின் குணத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான்காவது முறை போனபோது அவருடைய மேலாளரும் இருந்தார். வெளியூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"உங்க சிமுலேஷன் அழகா இருக்கும்மா. சினிமாவுக்கு அனுப்பலாம். ப்ளேன்ல வைக்க முடியாது." அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார். "இவரைப் பாருங்க. சொன்ன அளவை அப்படியே வெட்டிக் கொடுத்திருக்கார். ரிப்போர்ட் பார்த்தேன், ஒரு இடத்துல தப்பு இல்ல. அப்ப தப்பு எங்கே? மாசக் கடைசி ரிவ்யூவுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா இதை வேற டீமுக்குக் கொடுத்துடுவாங்க. நான் நிறுத்த முடியாது."

அந்தப் பெண் தலையை ஆட்டினார். எனக்குப் புகழ்ச்சி கேட்ட கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் போன பிறகு அந்தப் பெண் என்னைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றிருந்தது போல. ஒரே ஒரு ஜன்னலைத் திரையில் பெரிதாக்கினார். அது ஒரு வீட்டு ஜன்னல் அளவுக்கு வந்தது.

"இங்க பாருங்கண்ணா. அலை இந்த ஓரத்துல வந்துதான் திரும்புது. பாருங்க, ஓரத்துலதான் செவப்பு. இந்த ஓரம் கத்தியாட்ட இருக்கோணும். சித்தெ மழுங்கிப்போனாலும் ஜன்னல் பெருசான மாதிரி ஆயிரும், கணக்குப் பூரா மாறிரும். அதுக்குத்தான் டிராயிங்லயே போட்டுட்டேனே."

"என்னங்க போட்டுருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கூர் ஓரத்தை அப்படியே வெச்சுருக்கச் சொல்லி."

அவர் என்னைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அந்த நினைப்பே அவருக்கு இல்லை. நான் டீ குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பட்டறையில் டிராயிங்கை வெளியே கொண்டுபோகக் கூடாது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்துத் துடியலூர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். தையல் மெஷின் மேலேயே டிராயிங்கை விரித்து அந்த மூலையைக் காட்டினேன்.

"இதைப் படி."

"கே, ஈ, ஈ, பி. கீப்." விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "ஷார்ப் எட்ஜஸ். ஏனுங்க, இதுல என்ன?"

"கீப்புன்னா?"

"வெச்சுக்கோன்னு அர்த்தமுங்க. எடுக்காதேன்னு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு மெதுவாக விஷயம் புரிந்தது. முதலில் சிரித்துவிட்டாள். "இத்தன வருசமா படம் பாத்துத்தான் வேலை செஞ்சீங்களாக்கும்? எங்கிட்டக்கூடச் சொல்லாம?" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அந்தப் புள்ளைக்குத்தான் வேலை போகும்போல" என்றேன்.

"பாவமுங்க. சொல்லிப் போடுங்க." கத்தரிக்கோலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். "சொன்னா அந்த மெஷின்ல உங்கள உடுவாங்களா?"

"உடமாட்டாங்க."

அவள் டிராயிங்கை மடித்து என் பையில் வைத்தாள். நான் மறுநாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. மெஷின் கதவைச் சாத்தி ஓட்டும்போதெல்லாம் அந்த ஸ்பாஞ்ச் அறைக்குள் நானே இருப்பது போலிருந்தது. மனதில் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டாவது தகடு வெட்டச் சொல்வார்கள், அதைச் சத்தம் போடாமல் கூர் ஓரத்தோடு கொடுத்துவிட வேண்டும். சிவப்பும் நீலமும் சேர்ந்துவிடும். அந்தப் பெண்ணின் பேர் காப்பாற்றப்படும். முதல் தகடு என்ன ஆனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இந்த யோசனையிலேயே இருந்தேன்.

இரண்டாவது தகட்டுக்கு டிராயிங் வந்தது. ஆனால் எண்கள் மாறியிருந்தன. எல்லா ஜன்னலும் நீளத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. போன் செய்து கேட்டேன்.

"ஆமாங்கண்ணா, மாத்திட்டேன்" என்றார். குரலில் களைப்பு. "நெசத்துல ஜன்னல் பெருசா இருக்கற மாதிரி வேலை செய்யுது. ஏன்னு தெரியல. அதனால அந்த வித்தியாசத்தைக் கழிச்சுக் குடுத்துட்டேன். கோடு சேந்தாச் சரி. ஏன்னு கேக்கறதை உட்டுட்டேனுங்க." கொஞ்சம் நிறுத்தி, "இருக்கறது கடைசி அலுமினியத் துண்டுங்கண்ணா. இன்னொண்ணு வாங்க நேரமில்ல. பாத்துப் பண்ணுங்க" என்றார்.

போனை வைத்த பிறகுதான் நான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. டிராயிங்கில் சொன்னபடி ஓரத்தைக் கூராக விட்டால் ஜன்னல் சின்னதாகிப் போகும், சிவப்புக் கோடு இந்த முறை வலதுபக்கம் ஓடும். ரிவ்யூவில் அவர் தோற்பார். பழையபடி இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கினால் கோடு சேர்ந்துவிடும். அவர் ஜெயிப்பார். ஆனால் அப்புறம் நான் உயிரோடு இருக்கும் வரை ஒவ்வொரு தகட்டையும் அதே இரண்டு இழுப்பு, அதே அழுத்தம் கொடுத்து யாருக்கும் தெரியாமல் மழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு பட்டறைக்கு வேலை போனால் அங்கே கூராக வெட்டுவார்கள். அன்றைக்குத் தகடு கெடும், மறுபடியும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சரியாகக் கட்டிய கணக்கை என் கைக்காகக் கலைத்துவிட்டார். அது அவருக்கே தெரியாது.

துண்டை மெஷினில் கட்டியிருந்தேன். டூல் மாட்டியாகிவிட்டது. பச்சைப் பட்டனில் கட்டை விரலை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பக்கத்து மெஷின்காரர், "என்னண்ணா, நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்று கேட்டார். கையை எடுத்தேன். துணியால் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"டிசைன் ஆபீசுக்குப் போய்ட்டு வாரேனுங்க. ஒரு டவுட்டு கேக்கோணும்."

"போன்ல கேளப்பா."

"போன்ல கேக்க முடியாதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, வெரசா வந்துரு."

நான் போனபோது அந்தப் பெண் ஸ்பாஞ்ச் அறைக்குள் முதல் தகட்டின் முன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை.

"அம்மணி, அந்தத் தகட்டுல ஓரத்தை மழுக்கிப்போட்டேனுங்க."

அவருக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அந்த அறையில் சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றுவிடும்.

"எந்த ஓரம்?"

"எல்லா ஓரமுங்க. இருநூத்தம்பத்தாறும். உள்ள இருக்கற சுவரும்."

"பிசிறு மட்டுந்தான எடுத்தீங்க?"

"எங்களுக்கு ரெண்டுக்கும் அதே பேருதானுங்க."

அவர் தகட்டின் மேலிருந்த மெல்லிய வெள்ளை மூடியைக் கழற்றினார். நகத்தை ஒரு ஜன்னலின் ஓரத்தில் வைத்து இழுத்தார். இன்னொன்றில் இழுத்தார். மூன்று வாரம் கண் முன்னால் இருந்த தகடு.

"டிராயிங்ல போட்டுருந்தேனுங்களே அண்ணா."

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க."

இதை நான் யார் முகத்தைப் பார்த்தும் சொன்னதில்லை. என் மனைவிக்கே நானாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு இலகுவாக இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன். நான்கு பக்கமும் ஒரே மாதிரி கூம்பு.

அவர் கோபப்பட்டார். கத்தவில்லை. "மூணு வாரங்க அண்ணா. நான் என்னையவே நம்பலீங்க. கத்துக்கிட்டதெல்லாம் பொய்யோன்னு நெனச்சேன். வீட்டுல சோறு போட்டு வெச்சுட்டு அம்மா எம்மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கும். நீங்க அந்த நாற்காலில உக்காந்து டீ குடிச்சீங்க." அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். அதையாவது மறைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எவ்வளவு மழுக்குனீங்க?"

"ரெண்டு இழுப்புங்க."

"இழுப்புன்னா எத்தனைங்க? எனக்கு எண்ணு வேணும்."

மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்தார். பல ஜன்னல்களில் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய டிசைனை எடுத்து அதில் ஓரத்தை மட்டும் அந்த அளவுக்கு மழுக்கி ஓட்டவிட்டார். முடிய நேரமாகும் என்றார். நான் போகட்டுமா என்று கேட்டேன். இருங்க என்றார். அவர் ஒரு நாற்காலியில், நான் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில். வெயில் தாழ்ந்த பிறகு திரையில் நீலக்கோடு ஊர்ந்து வந்தது. சிவப்புக் கோடு தொய்ந்த இடத்தில் தொய்ந்து, அது நிமிர்ந்த இடத்தில் நிமிர்ந்து, அதன் மேலேயே படுத்தது. சிவப்பே தெரியவில்லை.

"என்ற கணக்கு சரியாத்தான் இருந்துருக்கு" என்றார், திரையிடம் சொல்வது போல.

கடைசித் துண்டைப் பழைய அளவில் வெட்டினேன். முள்ளை மட்டும் தட்டினேன். ஓரத்தைத் தொடவில்லை. அது அளந்து சரியாக வந்து, ரிவ்யூவும் முடிந்தது. வேலை அவரிடமே இருக்கிறது. போனில் கூப்பிட்டு அதைச் சொன்னார். தேங்க்ஸ் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இப்போது வந்தாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பேசுகிறார். வந்த வேலையை மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்.

அவர்கள் ஆபீசுக்குத் தவறு எங்கே நடந்தது என்று பட்டறை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கிலீஷில் அடித்துக் கொண்டுவந்தார்கள். முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"ஏப்பா, அப்ப இருவத்திரண்டு வருசமா நீ ஊகத்துலயேதான் ஓட்டுனயா?"

பக்கத்து மெஷின்காரர் சிரித்தார். "ஊகமே இத்தன கரெக்டுன்னா படிச்சுருந்தா நம்மளையெல்லாம் ஊட்டுக்கு அனுப்பிருப்பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் என்னை மெஷினை விட்டு எடுக்கவில்லை. நல்ல மனுஷர். அவருடைய ஏற்பாடு இதுதான். எந்த டிராயிங் வந்தாலும் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, மூலையிலிருக்கும் வரிகளை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி வாசித்துத் தமிழில் சொல்வார். பட்டறை முழுக்கக் கேட்கும். டீ கொண்டுவருகிறவருக்கும் கேட்கும். அவர் தோட்டத்துக்குப் போயிருக்கும் நாளில் நானே போய் யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்காமல் பட்டனை அழுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் அழுத்துவதில்லை. அவர் வாசிக்கும்போது தலை குனிந்து நிற்கிறேன். அந்த நேரம் போவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது.

இன்று முதலாளி வரவில்லை. காலையில் வந்த டிராயிங்கில் நான்கு வரி இருந்தது. மூன்று எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் பக்கத்து மெஷின்காரரிடம் கொண்டுபோய் நான்கையும் கேட்டேன். ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். நான்காவதைக் கேட்கும்போதும் காது சுட்டது. திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன்.

புரட்டாசி 17, சனிக்கிழமை.